ஸ்ரீரங்கத்தில் உறைபனி விழுந்த காலை

ஓய்வு பெற்றவன் பழைய அலுவலகத்துக்குப் போய் நிற்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி வந்தவர்களைக் கண்டதும் நானே மோட்டார் கொட்டகைக்குள் ஒளிந்திருக்கிறேன். ஆனாலும் சென்ற மாதம் எங்கள் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் இளம் அதிகாரி ஒளிய நேரம் கிடைக்காமல் அகப்பட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் என்னை அழைத்துப்போய், இரும்புக் குழாயை வளைத்துக் கட்டிய பெரிய பிளாஸ்டிக் கூடாரத்தைக் காட்டினார்.

"உள்ளே எத்தனை டிகிரின்னு வெளியில நின்னே பார்த்துக்கலாம் சார். நம்பர் செவப்பா எரியும்."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா... பார்ப்போம் சார்."

"பார்த்துட்டு?"

அவர் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றி, "உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்றார்.

இருந்தது தம்பி. பிளாஸ்டிக் வீடும் இருந்தது, டிகிரியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன். அதுதான் கோளாறு.

அவரிடம் அன்று பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அவருக்கு டெலிபோன் வந்துவிட்டது. அல்லது வந்ததாகச் சொன்னார். ஆகவே முழுதும் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருக்கிறது. நடுவயது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். "எதுக்கும் எதுக்கும் நடுவுல?" என்று என் மனைவி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஊட்டிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கழிந்த காலத்தில் பாதியைப் போர்வைக்குள்ளும் மீதியை உருளைக்கிழங்குப் பாத்திகளிலும் கழித்தேன். திருச்சி வெயிலில் வளர்ந்த உடம்பு. முதல் வாரமே காது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அங்கு நான் கற்றதெல்லாம் ஒரே காலையில் கற்றது. முதல் நாள் மாலை பச்சைப் பசேலென்று இருந்த உருளைப் பாத்தி, மறுநாள் விடிந்தபோது வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் கிடந்தது. வெயில் ஏறியதும் வெள்ளை போயிற்று. இலையெல்லாம் வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கிற்று. எங்கள் பயிற்சி ஆசிரியர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்க தோலை நம்பாதீங்க. தோல் பொய் சொல்லும். கண்ணாடிக் குழாயை நம்புங்க. முப்பத்திரண்டுக்குக் கீழே போனா பயிர் போச்சு."

முப்பத்திரண்டு. அந்த எண்ணை அன்றைக்கு என் மண்டைக்குள் ஆணி அடித்து மாட்டிக்கொண்டேன். கல்யாணத் தேதிகூட எனக்கு அவ்வளவு உறுதியாக நினைவில் இல்லை.

பயிற்சி முடிந்து ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருந்த இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். மேலதிகாரி வேதமாணிக்கம் சார். உறையூரிலிருந்து தினமும் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து வருவார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக மரியாதையை உயர்த்துவார். சந்தோஷமாக இருந்தால் 'டா'. சாதாரண நாளில் 'நீ'. கோபம் வந்தால் 'நீங்க'. உச்சிக்கு ஏறிவிட்டால் சுத்தமான புத்தகத் தமிழில் 'தாங்கள்'. தண்ணீர் பாய்ச்ச மறந்த ஒருவரிடம் அவர் ஒரு நாள், "தாங்கள் உணவருந்திவிட்டீர்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் அப்படியே திரும்பிப் போய் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரே அளவு மாறித் தடுமாறிக்கொண்டிருந்தது. அணா போய் நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் டீக்கடையில் சில்லறைச் சண்டை ஓயவில்லை. சேரும் வீசையும் போய்க் கிலோ வந்திருந்தது. எங்கள் பண்ணை வாசல் டீக்கடையில் கணக்குத் தீர்த்து வைக்கும் பண்டிதன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். "ஓர் அணான்னா ஆறு நயா பைசா, இதுகூடவா தெரியாது?" என்று வயதானவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்துவேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பண்ணைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் வந்தது. கார்த்திகை மழை நாற்றுகளை அடித்துச் சேற்றோடு சேர்த்துவிடும். மேலே ஒரு கூரை இருந்தால் பிழைக்கும் என்பது சாருடைய திட்டம். மூங்கிலைப் பிளந்து வளைத்து நட்டு, மேலே தாளை இழுத்துக் கட்டினோம். நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரம். பக்கவாட்டுத் தாளைப் பாய்போலச் சுருட்டி மேலே கட்டிவைக்க வேண்டும். மழை வந்தால் மட்டும் இறக்க வேண்டும். நடு மூங்கிலில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. காவலாளி மஸ்தான் பாய் மிஞ்சிய துண்டுத் தாளைக் கேட்டு வாங்கித் தன் சைக்கிள் சீட்டுக்குப் போர்த்திக்கொண்டார்.

உள்ளே விதைத்தது காலிஃப்ளவர். மலைக்காய் காவிரிக் கரையில் வருமா என்று பார்க்க சாருக்கு ஆசை. நாற்று வளர்ந்தால் நடுவதற்கு யாராவது நிலம் தர வேண்டுமே. அதற்கு ஆள் பிடித்தவன் நான். முசிறியில் ராமாயி அக்கா என்று ஒருவர். கணவர் இல்லை, தனியாகவே விவசாயம் பார்ப்பவர். ஐப்பசிக் காற்றில் அவருடைய வாழை முழுக்க ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. மறுபடி கன்று வைக்கும் வரை நிலத்தைச் சும்மா போட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

"காலிப்பூவா? பேரே சரியில்லையே தம்பி. காலியாப் போயிருமா?" என்றார் அக்கா.

"ஒண்ணும் ஆகாது. நாத்துக்கு நான் பொறுப்புக்கா."

இருபத்துமூன்று வயதில் ஒருவன் 'நான் பொறுப்பு' என்று சொன்னால் நம்பக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்க வேண்டும். அக்கா நம்பினார். நெல்லோ உளுந்தோ எதுவும் போடாமல், எருவடித்து, நிலத்தை நன்றாகப் புரட்டி, பார் பிடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாற்று தயாரானதும் நானே போய் நிலத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில கூடையோட வாங்கக்கா" என்று சொல்லி, முசிறியிலிருந்து கடைசி பஸ்ஸில் திரும்பி, பண்ணைக் கொட்டகையிலேயே படுத்தேன்.

மறுநாள் விடியற்காலை. மார்கழி. ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி புகைபோல வந்து பண்ணையை மூடியிருந்தது. இன்று நாற்று போகிற நாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம் என்று லாந்தரை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தேன். தாளின் உள்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நீர் பூத்திருந்தது. லாந்தரைத் தூக்கித் தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.

இருபது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருபதேதான். முப்பத்திரண்டுக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி! ஊட்டியிலேயே நான் காணாத குளிர்! 'அப்படியொன்றும் குளிரவில்லையே' என்று உடம்பு ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தது. "தோல் பொய் சொல்லும்" என்று அதன் வாயை அடைத்தேன். அடைத்த மறுகணம் எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. எண்ணைப் பார்த்துக் குளிர் வந்த ஒரே மனிதன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே ஓடிவந்து கத்தினேன். "பாய்! பனி விழுது பாய்!"

மஸ்தான் பாய் மப்ளரை அவிழ்க்காமலே எழுந்து வந்தார். "ஆமா தம்பி, மார்கழியில்ல. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நில்லுங்க."

"எனக்கில்ல பாய், நாத்துக்கு!"

"நாத்துக்குன்னா துண்டு பத்தாதே."

பாய் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டால், அது பிறந்த ஊரிலிருந்து புறப்பட்டுத்தான் வந்து சேருவார். தெர்மாமீட்டர் என்று நான் சொன்னதும், "அதான் தம்பி, நேத்து சாயங்காலம் ஐயா வந்தாருல்ல, வந்து சைக்கிளை வேப்பமரத்துல சாத்துனாரு. அந்த மரத்துல பாருங்க, இந்த வருசம் கட்டெறும்பு..." என்று ஆரம்பித்தார்.

"கட்டெறும்பு அப்புறம் பாய்! வைக்கோல் எங்க இருக்கு?"

ஊட்டியில் கற்ற முறை எனக்கு வரிசை மாறாமல் நினைவிருந்தது. முதலில் காற்றை அடை. பக்கவாட்டுத் தாள்களை இறக்கி, ஓரத்தில் மண் அள்ளிப்போட்டு, ஓர் ஊசி நுழையாமல் அடைத்தேன். இரண்டாவது, மேலே போர்த்து. உரச் சாக்கு, கோணிப்பை, வைக்கோல், போதாததற்கு என் ஜமக்காளம், பாயின் தொழுகைப் பாய் நீங்கலாக அவர் வைத்திருந்த அத்தனை பாய்களும் கூரை ஏறின. மூன்றாவது, புகை போடு. காற்று வரும் திசையில் ஈரச் சருகைக் குவித்துப் பற்றவைத்தேன். நான்காவது, உள்ளே சூடு கொடு. வாசல் டீக்கடை பாய்லரிலிருந்து கொதிக்கும் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்களில் பிடித்துவந்து பாத்திகளுக்கு நடுவே வைத்தேன். அன்று காலை அந்தப் பக்கம் யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

காவிரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் புகைக்கு நடுவே தட்டுத் தடுமாறி நின்றார்.

"ஏங்காணும், கார்த்தாலே என்ன இது, ஹோமமா?"

"இல்ல சாமி. உறைபனி."

"உறைபனியா! ஸ்ரீரங்கத்திலேயா?" அவர் இருமி முடித்துவிட்டுக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்தார். "பெருமாளுக்கு யாராவது சொன்னேளோ? போர்வை சாத்தணுமோல்லியோ."

கேலி என்று புரிந்தது. அறியாதவர்கள் சிரிக்கட்டும் என்று டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"அந்தக் கட்டெறும்பு தம்பி," என்று பின்னாலேயே பாய் வந்தார், "ஐயா கையில சுருக்குன்னு கடிச்சிருச்சு. கையில ஒரு பொட்டி வச்சிருந்தாரு..."

"பொட்டி கிட்டியெல்லாம் அப்புறம்! இன்னும் ரெண்டு டின்னு கொண்டாங்க!"

சூரியன் கிளம்பிவிட்டது. திருச்சி சூரியன், மார்கழி என்று பார்க்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. நான் உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து. "ஏறுது பாய்!" முப்பது. "ஏறுது!" முப்பத்திரண்டைத் தாண்டியபோது என் கன்னத்தில் நீர் வழிந்தது. ஒரு பயிரைச் சாவிலிருந்து மீட்ட மனிதனின் கண்ணீர். கண்ணீர்தான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வியர்வை. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூச்சை இழுத்தால் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து முகத்தைக் காட்டியதுபோல் இருந்தது. நாற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைச் சாய்த்தன. பாவம், இரவெல்லாம் குளிரில் நடுங்கியது, அசதியில் தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் எண்ணினேன்.

நாற்பத்திரண்டைத் தொட்டபோது வெளியே சைக்கிள் மணி கேட்டது. வெற்றி முகத்தோடு தாளைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தேன்.

வேதமாணிக்கம் சார் புகையைப் பார்த்தார். கூரை மேல் என் ஜமக்காளத்தைப் பார்த்தார். ஆவி பறக்க நின்ற என்னைப் பார்த்தார்.

"காப்பாத்திட்டேன் சார்! இருபதுக்கு இறங்கிருச்சு. நாற்பத்திரண்டுக்குக் கொண்டுவந்துட்டேன்!"

சார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, மிக மெதுவாக,

"தாங்கள் சற்று விலகி நிற்கிறீர்களா?"

நான் வரப்போரம் விலகி நின்றேன்.

"பொட்டியில புதுசு இருந்துச்சு தம்பி," என்றார் பாய், ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து. "பழசைக் கழட்டிட்டு ஐயா புதுசை மாட்டிட்டுப் போனாரு. இதுல கணக்கு வேறயாம். நயா பைசா மாதிரி புது அளவாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. அதைத்தான் விடிஞ்சதுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ஃபாரன்ஹீட் போய்ச் சென்டிகிரேட் வந்திருந்தது. புதுக் கணக்கில் இருபது என்றால் பழைய கணக்கில் அறுபத்தெட்டு. மார்கழிக் காலைக்கு அதைவிட நல்ல குளுமை கிடையாது. நாற்பத்திரண்டு என்றால் நூற்றெட்டு. ஊருக்கெல்லாம் அணா பைசா பாடம் நடத்திய பண்டிதன், அக்காவின் நாற்றை அவித்து இறக்கியிருந்தேன்.

சார் ஒரு கணமும் வீணாக்கவில்லை. எல்லாத் தாளையும் கிழித்து எறிய ஓடிய என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரேயடியாத் திறந்தா காத்து அடிச்சுக் காய்ஞ்சிரும்." முதலில் டின்களை வெளியே எடுக்கவைத்தார். பிறகு கூரையிலிருந்த வைக்கோல் மட்டும். சாக்கு நிழலுக்கு இருக்கட்டும். காற்றுக்கு எதிர்ப்பக்கத் தாளை ஒரு சாண் தூக்கினார். சற்றுப் பொறுத்து இன்னொரு சாண். கோணிகளை நனைத்துத் திறந்த பக்கத்தில் திரைபோலத் தொங்கவிட்டார். பூவாளியை நான் எடுத்ததும், "இலை மேல வேண்டாங்க. வரப்புல ஊத்துங்க. தரை குளிர்ந்தா போதும்" என்றார். 'தாங்கள்' 'நீங்க'வுக்கு இறங்கியிருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

ஏனென்றால் ராமாயி அக்கா வந்துவிட்டார். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காலிக் கூடைகள். சிரித்துக்கொண்டே வந்தவர் பாத்தியைப் பார்த்ததும் நின்றார். கூடைகளை இறக்கி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, சாய்ந்த ஒரு நாற்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது மறுபடி படுத்துக்கொண்டது.

"வாழையைக் காத்து கொண்டுபோச்சு தம்பி. காத்தை யாரு கேக்க முடியும்? இது என்னா ஆச்சு?"

"பனின்னு நெனைச்சுட்டேன்க்கா."

"என்னாது?"

"உறைபனி... விழும்னு..."

அக்கா சாரைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மேலே சுட்டெரிக்கும் சூரியனைப் பார்த்தார். முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேப்ப நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மதியச் சோறு இறங்கியிருக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார் சார். யாரும் தொடவில்லை. நான் மட்டும் வரப்பில் தண்ணீர் ஊற்றுவதும் வந்து எட்டிப் பார்ப்பதுமாக அலைந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு, ஓரப் பாத்தியில் ஒரு நாற்று கழுத்தைத் தூக்கியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. டின் வைத்த நடுப்பாத்தி அவ்வளவும் போய்விட்டது. ஓரத்தில் இருந்தவை, என் அன்பு சரியாக எட்டாத இடத்தில் இருந்ததால், பிழைத்தன. ஏறக்குறையப் பாதி.

அக்கா எழுந்து வந்து பார்த்தார். "பாதி நெலத்துக்கு வரும். மீதிக்கு?"

"மீதிக்குக் கொத்தமல்லி போடலாம். விதை பண்ணையில இருக்கு, தரேன்" என்றார் சார். "நடவுக்கு இவனும் வருவான்."

'இவன்'! எனக்குச் சற்று மூச்சு வந்தது.

அக்கா இருட்டுவதற்குள் கிளம்பிப் போனார். சார் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மாட்டினவன் நேர்ல இருந்து சொல்லியிருக்கணும். கட்டெறும்புகிட்ட சொல்லிட்டுப் போனது என் தப்பு." பிறகு சைக்கிளில் ஏறியபின், "போய்ச் சாப்பிடுடா" என்றார்.

அடுத்த நாளே பழைய தெர்மாமீட்டரை எங்கிருந்தோ மீட்டுக்கொண்டுவந்து புதியதன் பக்கத்தில் மாட்டினார். ஒன்றை அணாக்காரன் என்றும் மற்றதை நயாபைசாக்காரன் என்றும் கூப்பிட்டோம். நான் முசிறிக்குப் போய் நடவு முழுக்க நின்றேன். அதன் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய் அந்தப் பூக்களின் தலைக்கு வெயில் படாமல் இலையைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். அக்கா, நான் எதையாவது மூடப் போனால் மட்டும் ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

மாசி முடிந்து பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், எங்கள் பண்ணை வாசலில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினார். இடுப்பில் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் எதையோ கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கூடிவிட்டோம். அக்கா அதைச் சாரின் மேசை மேல் பக்குவமாக இறக்கிவைத்துக் கம்பளியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, என் தலையளவு ஒரு காலிஃப்ளவர்.

"வழியெல்லாம் பயமாத்தான் இருந்துச்சு தம்பி," என்றார், முகத்தைத் துளியும் அசைக்காமல். "பனி புடிச்சிரப் போவுதேன்னு போத்தியே கொண்டாந்தேன்."

குரலை உயர்த்தியே அறியாத வேதமாணிக்கம் சார் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தன. கொத்தமல்லியும் பூவுமாக அந்தப் பருவம் அடுப்பு எரிந்துவிட்டதென்றும், அடுத்த வருஷம் நிலம் முழுக்கக் காலிப்பூதான் என்றும், ஆனால் பிளாஸ்டிக் வீட்டுக்குள் என்னை விடக் கூடாதென்றும் அக்கா சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்றது சித்திரை மாதம். பண்ணைக் கொட்டகையில் தகரக் கூரையின் கீழே, பட்டப் பகலில் விழா எடுத்தார்கள். ஒவ்வொருவராக மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றை எடுக்குமுன் அடுத்தது விழுந்தது. எத்தனை என்று எண்ணவில்லை. கழுத்துவரை சால்வைக்குள் புதைந்து, வியர்த்து, ஆவி பறக்க, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த கூட்டம் கைதட்டியது. பேச அழைத்தார்கள். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அந்த நாற்றுகள் அன்று ஏன் தலையைச் சாய்த்தன என்பது மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.